பழனி திருப்பிய ரேடியோ

ஞாயிறு, இரவு

கப்பல் பட்டறையில் எனக்குக் கீழே வேலை பார்க்கும் பழனி இன்று என் மனைவியின் எதிரிலேயே என் மூக்கை உடைத்துவிட்டான்.

என் புது ரேடியோவில் தூரத்து ஏஎம் நிலையங்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று பார்க்க மூவரும் செம்பவாங் கடற்கரைக்குப் போயிருந்தோம். அவனும் தேக்கா கடைத்தெருவில் வாங்கிய ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். பொழுது சாய்ந்ததும் நான் ஏரியலை முழுக்க இழுத்து நாலு பக்கமும் நீட்டினேன். வெறும் இரைச்சல்தான். அவன் ஏரியலைத் தொடவே இல்லை. பெட்டியை மட்டும் மெல்லத் திருப்பினான். கடல் தாண்டித் திருச்சி வானொலி பேசியது.

"ஏஎம்முக்கு ஏரியல் உள்ளயே இருக்குண்ணே. பெட்டியத்தான் திருப்பணும்."

"பழனிக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கு பாருங்க!" என்றாள் மனைவி.

"எனக்கும் தெரியும்லா. ஆனா உன் ரேடியோ ரொம்பக் கரகரங்குது" என்றேன். கரகரப்பே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சன்னலோரம் என் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதே திருச்சி, அவனுடையதைவிடத் தெளிவாக. பழைய பாட்டு ஒன்று. மனைவி ஆசையாக வந்து உட்கார்ந்தாள்.

"பழனி சொன்ன மாதிரியே செஞ்சீங்களா?"

பாட்டு பாதியில் இருந்தது. அணைத்துவிட்டேன்.