ஜோடி வெளிச்சமும் உல்லாஸ்நகர் சம்பந்தமும்

செம்பூர், மும்பை.

என் செல்ல மகள் மாரீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் சொன்னால் அப்பா பாதியில் பேச்சைப் பிடுங்கிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா இசக்கிதுரை உல்லாஸ்நகரிலிருந்து ஒரு குடும்பத்தை உன்னைப் பற்றிப் பேசக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு பேங்க் வேலை, நல்ல மனுஷர்கள்தான். பெண்ணுக்கு ஜெர்மனியில் என்ன வேலை என்று பையனின் அம்மா கேட்டார், லைட் சம்பந்தப்பட்ட வேலை என்று சொல்லிவிட்டு அப்பா டீயைக் குடித்தார், டியூப்லைட் கம்பெனியா என்று அந்த அம்மா கேட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நீ சொல்லித் தந்தபடி நானே சொன்னேன், குவாண்டம் டாட் என்று தூசியை விடச் சின்னப் பொட்டு, அதைக் கடுங்குளிரில் வைத்து லேசர் அடிக்கும்போதெல்லாம் ஒரே ஒரு ஜோடி வெளிச்சத் துணுக்கு வரும், இரண்டும் எவ்வளவு தூரம் பிரிந்து போனாலும் ஒன்றைச் சோதித்தால் மற்றதும் அதற்கு ஒத்தே இருக்கும், நடுவில் எவனாவது ஒட்டுக்கேட்டால் அந்த ஒற்றுமை கெட்டு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும், அதை வைத்து ரகசியச் செய்தி அனுப்பலாம் என்று. தப்பாகச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டு.

பையனின் அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு, தையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், பெண் அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டும், இங்கே வேலைக்கா பஞ்சம் என்றார். சித்தப்பா தலையாட்டினார், அப்பா என் முகத்தைப் பார்த்தார். முன்பு உன் லேபில் குளிர் மிஷின் பழுதாகி, பொட்டுகள் இருந்த சில்லு உடைந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று நீ போனில் அழுதது எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு உன்னை வர வேண்டாம் என்று சொன்னவள் இன்றைக்கு எப்படி வா என்பேன்?

"தப்பா எடுத்துக்கிடாதிய. எம் புள்ளைக்கு அங்கன வேலை பாதியில நிக்கி. அதை விட்டுட்டு வான்னு நாங்க சொல்ல மாட்டோம்" என்றேன்.

அவர்கள் கோபப்படவில்லை, கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சித்தப்பாதான் முகத்தைத் தூக்கிக்கொண்டு தாராவியில் தன் வீட்டுக்குப் போனார். அப்பா, நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, எனக்கு வாயில வரல, நீ சொல்லிட்ட என்றார். மறுநாளே உன் செய்தி வந்தது, புதுச் சில்லிலிருந்து போன ஜோடி ஊருக்கு அடியில் ஓடும் கேபிளில் அடுத்த கட்டிடம் வரை போயும் ஒற்றுமை குலையவில்லை என்று. அப்பா தான் வேலை பார்க்கும் டெப்போவில் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தாராம், எதற்கு என்று கேட்டவர்களிடம் பெண் ஜெயித்துவிட்டாள் என்று மட்டும் சொன்னாராம். சித்தப்பாவும் போன் பண்ணினார், பேச்சு இப்போது சரியாகிவிட்டது.

வேலை மும்முரத்தில் பட்டினி கிடக்காதே. மனதில் யாராவது இருந்தால் அப்பாவுக்கு முன்னால் எனக்குச் சொல். இசக்கியம்மன் உன் கூடவே இருப்பாள், எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியும். விசாவுக்கான கடிதத்தை மறக்காமல் அனுப்பு, மே மாதம் நாங்கள் இருவரும் வருகிறோம். ஊர் சுற்றிக் காட்டவெல்லாம் வேண்டாம், லேபில் நீ நின்று வேலை பார்க்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நானும் நிற்க வேண்டும்.

ஆசை முத்தங்களுடன்,
அம்மா
பானுமதி நெல்லையப்பன்