வாலோடு விட்ட குட்டி

என் உயிர் அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. முத்தியால்பேட்டை வீட்டில் எல்லோரும் சுகம். உன் லூலுவும் சுகந்தான். சாயங்காலமானால் இன்னும் வாசலில் போய் நின்று நீ வரும் பக்கமே பார்க்கிறது. அதன் குட்டிகளைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுக் கப்பலேறியபோது உன் துரை உனக்குக் கொடுத்துவிட்டுப் போன வேட்டை நாய் அது. குட்டி போட்டால், கண் திறப்பதற்குள் ஒவ்வொன்றுக்கும் பாதி வாலை நீ நறுக்கிவிடுவாய். நான் சண்டை போடுவேன். மோப்பம் பிடித்துவிட்டால் இந்த ஜாதி வாலை ஓயாமல் ஆட்டும், முட்புதரில் அடித்து அடித்து நுனி கிழியும், கிழிந்தது லேசில் ஆறாது என்பாய்.

நீ இறந்த மறுமாதம் லூலு ஐந்து குட்டி போட்டது. உன்னோடு கௌதாரி வேட்டைக்கு வருவாரே, ராயப்பன் அண்ணன், அவர் கத்தியும் நூலுமாக வந்து நின்றார். ஒரு குட்டி அவருக்கு வேண்டும். நான் விடவில்லை. சர்க்கரைப் புண் என்று ஆஸ்பத்திரியில் உன் காலை எடுத்துவிட்டுப் படுக்கவைத்திருந்தார்களே, அதைப் பார்த்த பிறகு இன்னொரு கத்தியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"காட்டுக்குப் போற குட்டி, தங்கச்சி. இப்ப வுட்டுட்டா பின்னால அதுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

எதற்குமே வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றை வாலோடு தூக்கிக்கொண்டு போனார். மற்ற நாலும் பக்கத்துத் தெருக்களுக்குப் போயின. என்னைக் கண்டால் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவரும். உன்னை ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தேன், அண்ணா.

போன மாசம் ராயப்பன் அண்ணன் அன்று தூக்கிப்போன நாயோடு வந்தார். சிட்டு என்று பெயர் வைத்திருக்கிறார். லாஸ்பேட்டை முள்ளுக்காட்டில் வால் கிழிந்து, கட்டுப் போடப் போட ஆட்டி ஆட்டிப் பிய்த்துக்கொண்டு, சீழ் வைத்துவிட்டது. நானும் கூடப் போனேன். மாட்டாஸ்பத்திரியில் வாலை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். மருந்து கொடுத்தும் துடித்தது. தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்த வலியிலும் என் கையை நக்கியது. கடித்திருந்தால்கூடத் தேவலை.

திரும்பும்போது, "எம்மேல கோவமாண்ணே?" என்று கேட்டேன்.

"நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார்.

தெருவில் வளரும் அந்த நாலுக்கும் நான் செய்தது சரிதான். சிட்டுவுக்கு? அது எங்கே ஓடப்போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? உன்னை நினைத்து அழுத அழுகைக்கு அதைப் பலி கொடுத்துவிட்டேனா? நீ இருந்தால் திட்டவாவது செய்திருப்பாய்.

லூலு மறுபடி சினையாக இருக்கிறது. இந்தத் தடவை எந்தக் குட்டி எங்கே போகிறது என்று முதலில் கேட்பேன். வீட்டுக்குப் போவது வாலோடு போகட்டும். காட்டுக்குப் போவதை என் மடியிலேயே வைத்துக்கொண்டு ராயப்பன் அண்ணனைக் கூப்பிடுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
அஞ்சலை