பெட்டிக்கு இருந்த இலக்கம்

மச்சான்,

இன்று காலை வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஒரு கடைக்குக் கைபேசியைத் திருத்தக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடி அலுமாரி முழுக்க ரீவி கேம் பெட்டிகள். யாரும் வாங்கலாம், கையில் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸிலும் ஏறலாம், ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லை. திருத்தக் கொடுத்த கைபேசியைத் திரும்ப வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, பிறகு பஸ் மாறி, சூட்கேசும் கையுமாக என் கொழும்பு வீட்டு வாசலில் நின்ற நாள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உன் அக்கா கனடாவிலிருந்து உன் மகளுக்கென்று அனுப்பிய கேம் பெட்டி என் பெயருக்கு வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் திரும்ப வந்த புதிது. "லைற் வந்திட்டுது, இனி என்ர பெட்டைக்கு கேம் வேணுமாம்" என்று பெரிய ஜமீன்தார் மாதிரிச் சிரித்தாய். ஆனால் பற்றரி, ரேடியோ உதிரி என்று சண்டையைக் காட்டி அரசாங்கம் வடக்கே போகவிடாத சாமான்களின் பட்டியல் முழநீளத்துக்கு இருந்த காலம் அது. கேம் பெட்டியும் அதற்குள் அடக்கம். அனுமதிக் கடிதம் இல்லாமல் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் நீ வந்தாய்.

கடிதம் வரும்வரை உனக்குக் கை சும்மா இருக்குமா? கனடாப் பெட்டி நூற்றுப்பத்து வோல்ற்றுக்குச் செய்தது, எங்கள் கரண்டில் செருகினால் புகைந்துவிடும். "அவளுக்கு முன்னால புகைஞ்சா என்ர மானம் என்னாகிறது?" என்று சொல்லி, ஊரில் ரேடியோக் கடை வைத்திருந்த நீ, என் சாப்பாட்டு மேசையிலேயே பெட்டியைக் கழற்றினாய். உள்ளே ஒரு சின்ன ரான்ஸ்போமரை வைத்துப் பற்றவைத்தாய். வீடெல்லாம் இந்த மணம்தான்.

இனித்தான் என் கதை. கொழும்பில் தமிழ் வீடென்றால், இருப்பவர்கள் பெயரையெல்லாம் எழுதிப் பொலிஸில் கொடுத்து, முத்திரை குத்திய தாளை வீட்டில் வைத்திருக்க வேண்டும். என் தாளில் நான்கு பெயர். நீ வந்த அன்றே ஐந்தாவதாக உன்னைச் சேர்த்திருக்க வேண்டும். "முதல் வேலையா இவரைப் பதிஞ்சிட்டு வாங்கோ" என்று என் மனைவி சொன்னாள். "திங்கட்கிழமை பாப்பம், வரிசையில நிண்டு லீவுதான் போகும்" என்றேன். நீயும் ஒத்து ஊதினாய்: "நான் என்ன குடியிருக்கவே வந்தனான்? கடிதம் கிடைச்சா அடுத்த கப்பல்." உண்மையைச் சொல்லட்டுமா? வரிசைக்காக இல்லை மச்சான். பெயர் கூடினால் வீட்டுக்காரர் எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அதை உன்னிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமைக்கு முன்னே சனிக்கிழமை வந்துவிட்டது. ஏதோ ஒரு பாகம் பொருந்தவில்லை என்றாய். மூடியைக் கயிற்றால் கட்டி, பெட்டியைச் சந்தைப் பையில் போட்டுக்கொண்டு வேறொன்று வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாய். "றால் குழம்பெண்டு உன்ர மனிசி சொன்னவ. சாப்பாட்டுக்கு நிப்பன்" என்றாய். நான் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கொட்டாஞ்சேனைக்குக் கிட்ட, சோதனைச் சாவடியில் உன்னை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பைக்குள் கழற்றிய பெட்டி, வயர், ரான்ஸ்போமர். நீ என் முகவரியைச் சொல்லியிருக்கிறாய். பின்னேரம் வீட்டுக்கு வந்த அதிகாரி தாளைக் கேட்டு வாங்கி, நான்கு பெயரிலும் விரலை ஓட்டினார். என் சிநேகிதன்தான், திங்கட்கிழமை பதிய இருந்தேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். "பதியாத ஆள், பிரித்த மெசின்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்தார். உனக்குச் சோறு போட்டு மூடிய கோப்பை அன்று அப்படியே மேசையில் இருந்தது.

எழுதாத கடிதமில்லை, ஏறாத படியில்லை. அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை என்றார்கள், போன இடமெல்லாம்.

பிறகு சமாதானம் என்றார்கள். பட்டியல் தேயத் தொடங்கியது. பற்றரி போகலாமாம். அடுத்த மாதம் ரேடியோ போகலாமாம். ஒவ்வொரு சாமானாக விடுதலையாவதைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேம் பெட்டிக்கும் இனி அனுமதி தேவையில்லை என்று வந்தது. சில வாரத்தில் எனக்கொரு கடிதம்: என் பெயருக்கு வந்த பெட்டியைப் பொலிஸ் நிலையத்தில் வந்து எடுத்துச் செல்லலாமாம். போனேன். பெட்டியில் ஒரு மட்டைத் துண்டு, அதில் இலக்கம். அதே இலக்கம் தடித்த புத்தகத்திலும் இருந்தது. "இதைக் கொண்டுவந்த ஆள்?" என்று கேட்டேன். அங்கிருந்தவர் கெட்டவரில்லை, எனக்குக் கதிரை எடுத்துப் போட்டவர். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமானுக்குப் பதிவு இருக்கு. ஆளுக்குப் பதிவு இல்ல."

யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததும் உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியில் ஒரு ஆமிக்காரன் பையைத் திறந்து பார்த்து, "கேமா?" என்று சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உன் மனைவி பெட்டியைத் தொடவில்லை. "அவர் வந்து பொருத்திப் பூட்டட்டும் அண்ணை. அதுவரைக்கும் நீங்களே கொண்டுபோய் வையுங்கோ" என்றார். கதவோடு நின்ற உன் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அது எங்கட கரண்டுக்கு வேலை செய்யுமே மாமா?"

"ஓம் பிள்ளை, அப்பா மாத்தி வச்சிருக்கிறார்" என்றேன். அந்தக் கடைசிப் பாகத்தை நீ வாங்கினாயா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்றுவரை அதை நான் பிளக்கில் செருகிப் பார்க்கவில்லை. என் வீட்டு அலுமாரிக்கு மேலே, இலக்கத்தோடு இருக்கிறது.

பிள்ளைகள் வெளிநாட்டில். நானும் மனைவியும்தான் இப்போது. போன மாதம் கிராம சேவகர் அலுவலகத்தில் வீட்டு விவரம் கேட்டார்கள். எங்கள் இரண்டு பெயருக்கும் கீழே உன் பெயரை எழுதிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை. நீண்ட வரிசை, நின்றேன்.

மேசையில் இருந்த பெண் மூன்றாவது பெயரில் பேனையை வைத்தாள். "இந்த ஐயா இப்ப வீட்டில இருக்கிறாரா?"

"கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கிறார்" என்றேன். "சாப்பாட்டுக்கு வந்திடுவார்."

அவள் மூன்று பெயருக்கும் முத்திரை குத்தித் தந்தாள். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன் மச்சான். யாராவது வந்து கேட்டால் காட்டவேண்டும்.