கூப்பன் வராதவர்கள்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தெப்ராவ் சாலையில் ஊர்ந்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் போத்தல் காப்பி ஆறிப்போனது.

தீபாவளிக் கூப்பன் இன்று அனுப்பியாச்சு. எங்கள் சூப்பர்மார்க்கெட் மெம்பர் கார்டு வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மட்டும், போனில். சமையல் எண்ணெய் ஒரு போத்தல் இலவசம். மறுபாதிக்கு ஒன்றும் கிடையாது. யாருக்கு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. பண்டிகை முடிந்ததும் எந்தப் பாதி அதிகம் கடைக்கு வந்தது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வித்தியாசம் இருந்தால் கூப்பனுக்குப் பலன் உண்டு. இல்லையென்றால் வெறும் தானம்.

என் காண்ட்ராக்ட் டிசம்பரோடு முடிகிறது. கூப்பன் நின்றால் என் வேலையும் நிற்கும். பிறகு சிங்கப்பூர்தான். என் வீட்டுக்காரரைப் போல இருட்டோடு கிளம்பிப் பாலம் ஏற வேண்டும். தேஜா கண் விழிக்கும்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

வாங்க: முறுக்கு மாவு, திரி, தேஜாவுக்கு ஸ்கூல் காலுறை.

அக்டோபர் 17, வெள்ளி

தேஜாவைக் கூட்டிவர எதிர்வீட்டு மேரி அக்காவிடம் போனேன். ஸ்கூல் விட்டதிலிருந்து நான் வரும்வரை அவள் அங்கேதான். சோறு, ஹோம்வொர்க், சண்டை எல்லாம் அக்காவோடு. கொடுத்தால் காசு வாங்குவதில்லை. என்ன கைம்மாறு செய்வேனோ தெரியவில்லை.

அக்கா போனை நீட்டினார். "எனக்கு எண்ணெ கூப்பன் வந்துச்சு கவி. நான் என்ன முறுக்கா சுடப்போறேன்? ஒனக்கு அனுப்பிட்டேன் லா, நீ வாங்கிக்க."

தேஜாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் பெர்மாஸ் ஜெயா கிளைக்குப் போய் உடனே வாங்கிவிட்டேன். கால் வலி. முறுக்கு நாளைக்கு.

அக்டோபர் 30, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கணக்கு வந்துவிட்டது. இரண்டு பாதியும் ஒன்றுபோல. மறுபடி போட்டேன், அதே.

மேலாளர் மிஸ்டர் லிம்மிடம் காட்டினேன். நல்ல மனிதர், கத்தவில்லை. இப்படியே இருந்தால் அடுத்த வருஷம் கூப்பன் வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிடும், திங்கட்கிழமை அறிக்கை கொடு என்றார். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 1, சனி

தேஜாவுக்கு அப்பளம் பொரிக்க எண்ணெய் போத்தலை எடுத்தேன். மேரி அக்கா கூப்பனில் வந்த போத்தல். எடுத்தபடியே நின்றுவிட்டேன். நான் கூப்பன் வராத பாதி! அக்கா வந்த பாதி. அக்கா கூப்பனுக்கு என் கார்டை நீட்டி வாங்கியவள் நான்தான். ஆபீசில் இருக்கும் மூளை கடையில் எங்கே போயிருந்ததோ.

யோசனையிலேயே பொரித்த அப்பளம் கருகியது. லேப்டாப்பைத் திறந்து, கூப்பன் யார் நம்பருக்குப் போனது, யார் கார்டில் செலவானது என்று ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கிளைக்குக் கிளை இதே கதை. கூப்பன் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது, எண்ணெய் இன்னொரு வீட்டுக்கு. ஊரே பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வதுபோல் கூப்பனையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. கூப்பன் வராத பாதியும் கடைக்கு வந்திருக்கிறது, பிறகு எப்படி வித்தியாசம் தெரியும்?

கை மாறியதையெல்லாம் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் வித்தியாசம் அழகாக வருகிறது. ஒருமுறை தூக்கியும் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திரும்பப் போட்டுவிட்டேன். தூக்கினால் மேரி அக்காவையும் தூக்க வேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

உள்ளதை உள்ளபடி சொன்னேன், நான் செய்ததையும் சேர்த்து. மிஸ்டர் லிம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அம்மாவும் சீனப் புத்தாண்டுக் கூப்பனை தங்கள் லோரோங்கில் வீடு வீடாகக் கொடுத்துவிடுவாராம். அப்படியானால் எப்படித்தான் அளப்பது என்றார். ஆளுக்கு ஆள் பிரிக்காமல் ஊருக்கு ஊர் பிரிக்கலாம் என்றேன். கிறிஸ்துமஸுக்குத் தூரத்துக் குளுவாங் முழுக்கக் கூப்பன், எங்கள் பெர்மாஸ் ஜெயாவுக்கு ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக்குக் கொடுக்கலாம், ஊர் விட்டு ஊர் யார் கொடுக்கப்போகிறார்கள்?

சாயங்காலம் கூப்பிட்டார். மேலிடம் ஒத்துக்கொண்டது, காண்ட்ராக்ட் ஜூன் வரை. கழிவறையில் போய் அழுதேன். முகம் கழுவி வந்து மிஸ்டர் லிம்முக்கு நன்றி சொன்னேன். கடவுளுக்கும். வீட்டுக்கு வந்து மேரி அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, ரசம் சூடு பண்ணிக் கொடுத்தார்.

டிசம்பர் 15, திங்கள்

தூறல். கிறிஸ்துமஸ் கூப்பன் போனது, இந்த முறையும் எண்ணெய்தான். பட்டனை அழுத்திய பிறகுதான் உறைத்தது. கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற மேரி அக்காவுக்குக் கூப்பன் இல்லை. கோடு போட்டவள் நான். சங்கடமாக இருக்கிறது. கேக்குக்கு வெண்ணெயாவது வாங்கிக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 19, வெள்ளி

வெண்ணெயோடு போனேன். அக்கா கேக்குக்கு மாவு கலந்துகொண்டிருந்தார், தேஜா முகமெல்லாம் மாவு. ஈரக் கையோடு போனை எடுத்தார்.

"இந்தத் தடவ எனக்கு வரல கவி. குளுவாங்ல என் தங்கச்சிக்கு வந்துச்சாம், எனக்குத் தள்ளிவிட்டுட்டா. எனக்கு எண்ணெ இருக்கு. பொங்கலுக்கு ஒனக்கு வேணும்ல? அனுப்பிட்டேன்."

ஐயோ, அலாமாக்! சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம்கூட நறுக்கவில்லையே என்றார் அக்கா.

கூப்பன் போனில் இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் கணக்கு மறுபடி குழம்பும், கொண்டுபோக மாட்டேன். அக்கா கொடுத்தது, அழிக்கவும் மாட்டேன். ஜனவரியில் நான் போடும் கணக்கில் இது யாருக்கும் பயன்படாத கூப்பன் என்று விழும். விழட்டும்.