எயினியின் மடியில் இருந்த வெண்பொடி

மழை பொய்யாத கொன்றைநாட்டின் செங்கோல் வாழ்க. நெய்தல்வாயில் துறைக்கோட்டையின் தலைவர், அலைக்கும் அம்புக்கும் அஞ்சாத பெருஞ்சாத்தனாருக்கும் அவர் காவலில் வாழும் குடிகளுக்கும் நலம் பெருகுக. மன்னர் போர்முனையில் இருக்க, அவர் பெயரால் நாடு காக்கும் பேரமைச்சர் ஆதன்வழுதி, எழுத்தரை விலக்கிவிட்டுத் தாமே எழுதிய ஓலை இது. நாடுகடத்த அனுப்பப்பட்ட பூங்காப் பணிப்பெண் எயினியைக் கப்பலேற்றாது நிறுத்துக. காரணத்தைப் பின்னர்ப் படிக்கலாம். ஆளை முதலில் நிறுத்துக.

அரண்மனைப் பூங்காச் சுவரில், மறைந்த அரசமாதாவின் ஓவியத்தில் இரு கண்களும் பெயர்ந்து போனதைத் தாங்கள் அறிவீர்கள். எயினியின் மடியைச் சோதித்தபோது ஒரு பிடி வெண்பொடி அகப்பட்டது. கண்ணைச் சுரண்டிச் சூனியத்துக்கு எடுத்தாள் என்றனர் அவையோர். முட்டையோட்டையும் நத்தையோட்டையும் இடித்துப் பறவைகளுக்குத் தூவும் பொடி அது என்று அவள் சொன்னபோது அவை சிரித்தது. எல்லாரினும் உரக்கச் சிரித்தவர் இதை எழுதும் அமைச்சர். மன்னரின் வரவுக்குப் பூங்கா பளிச்சென்று இருக்கவேண்டுமென, ஒரு திங்கள் முன்பே தரையில் கிடந்த அந்த ஓடுகளையெல்லாம் குப்பையென அள்ளி எறியச் செய்தவரும் அவரே. தீர விசாரிப்பதே மெய் என்று ஊருக்கு உபதேசம் செய்த வாய், அன்று எதையும் விசாரிக்கவில்லை.

இன்று காலை அமைச்சர் பூங்காவுக்குள் சென்றார். ஓவியத்தின் கழுத்தில் ஒரு பெண்சிட்டு தொற்றிக்கொண்டு, முத்துமாலையைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. கண்ணின் வெண்மைக்கும் முத்துக்கும் மட்டுமே ஓவியர் சங்குச் சுண்ணத்தைத் தடிப்பாக அப்பியிருந்தார் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. சுவரிடுக்கில் இருந்த கூட்டைப் பார்த்தார். நான்கு முட்டைகள். ஒன்றை விரலால் தொட்டார். விரல் உள்ளே போயிற்று. ஓடு இல்லை, வெறும் தோல்தான் இருந்தது. மற்ற மூன்றும் தாயின் எடையிலேயே நசுங்கிக் கிடந்தன. அந்த ஓடுகளாக மண்ணில் கிடைக்கவேண்டிய சுண்ணம் கிடைக்காத பறவைகள் சுவரில் தேடியிருக்கின்றன. அதற்கு ஒரு பெண்ணைக் கடல் கடத்தத் தீர்ப்பெழுதிய பாவி, ஈரமான விரலோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

விலங்கு பூட்டும்போதும் அவள் தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. "முட்டையிடுற காலமுங்க, அந்தப் பொடிய மட்டும் யாரையாச்சும் தூவச் சொல்லுங்க" என்றாள். அதையும் மந்திரம் என்றே அவை எழுதிக்கொண்டது.

ஆகவே ஆணை: கப்பல் புறப்பட்டிருந்தால் விரைவுப்படகு விட்டு மறித்து மீட்க. அவளுக்குப் பல்லக்கு தருக. அமைச்சர் மன்னித்தார் என்று எவரும் அவளிடம் சொல்லலாகாது. மன்னிக்க அவருக்கு என்ன தகுதி? அமைச்சர் மன்னிப்புக் கேட்கிறார் என்று கோட்டையார் அனைவரும் கேட்க உரைத்து, அவள் விடையை அவள் சொன்னபடியே ஓலையில் எழுதி அனுப்புக. மறுத்தாளாயின் அம்மறுப்பில் ஒரு சொல்லும் குறைக்கற்க. அதுவே அரசவையில் முதலில் படிக்கப்படும்.

கொன்றை இலச்சினை இட்டேன். ஆதன்வழுதி.