ஒன்பதாவது பாட்டின் டிரம்மர்

6 பிப்ரவரி 1996, செவ்வாய்

குவால்தியேரோ போன் செய்தான். அவன் ஆல்பத்தில் நான் இருக்கிறேன்! பதினாலு பாட்டு, ஊருக்கு ஒரு ராப்பர், இசை முழுக்க டி.ஜே.யான அவனுடையது, பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி ஒட்டியது. ஒன்பதாவது என்னுடையது. மிலான் கம்பெனி ஒன்று வெளியிடுகிறது. இது மட்டும் வந்துவிட்டால் எங்கள் ஊர் ஃபொர்லியில் என்னைப் பார்த்து இளிக்கிறவர்கள் எல்லாம்... சரி, முதலில் வரட்டும்.

சாயங்காலம் பொலோன்யாவில் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஐயோ, அந்த டிரம்ஸ்! தடதடவென்று ஓடி வருகிறது, அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, ஒரு ஓட்டை, பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. குவால்தியேரோ கண்ணை மூடிக்கொண்டான். "நியூயார்க் ஹார்லெம்டா இது. கஷ்டப்பட்ட கை. அந்த மௌனத்தைக் கேளு. வலிடா, வலி!" டைல்ஸ் கடைக்காரர் மகன் இவனுக்கு வலியைப் பற்றி எவ்வளவு தெரிகிறது பாருங்கள்.

எந்த இசைத்தட்டு என்று கேட்டேன். சிரித்தான். குளியல் தொட்டியில் முப்பது தட்டு ஊறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒட்டிய பேர்க் காகிதம் ஊறி வந்துவிட்டால், எட்டிப் பார்க்கிற வேறு டி.ஜே. எவனாலும் அதைத் தேடிப்பிடிக்க முடியாது. மற்றவர்கள் கறுப்பு டேப் ஒட்டுவதோடு விட்டுவிடுவார்கள். இவன் சுரண்டியே எடுக்கிறான், அட்டையையும் எரித்துவிடுகிறான். அந்த வீட்டில் ஒரு வாரமாக யாரும் குளித்த மாதிரி தெரியவில்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிவிட்டேன். யாரைத் திட்டலாம் என்று யோசித்து லிஷோவைப் பிடித்தேன். அக்கார்டியன், வால்ட்ஸ், போல்கா, கட்டிப்பிடித்துச் சுற்றும் கிழடுகள் — எங்கள் பக்கத்து ஆட்டம். "தரையைத் தேய்க்கும் செத்த கால்கள்." நல்ல வரி. நானே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா ஜிகினாச் சட்டையோடு கிளம்பினாள். ஞாயிறு நாலு மணிக்கு அந்தக் கால்களுக்கு டிரம்ஸ் அடிப்பது அவள்தான். நண்பர்களிடம் அம்மாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய் இல்லையே? வாரத்தில் ஆறு நாள் உண்மைதான்.

12 பிப்ரவரி

என் தொளதொளக் கால்சட்டைக்கு அம்மா இஸ்திரி போட்டு, நடுவில் கத்தி மாதிரி மடிப்பும் வைத்துவிட்டாள். தெருவின் குரலாம் நான்.

17 பிப்ரவரி, சனி

பதிவு முடிந்தது. மூன்றே தடவை. குவால்தியேரோ கட்டிக்கொண்டான். "அந்த ஹார்லெம்காரன் கேட்டான்னா அழுதுடுவான்டா!"

4 மார்ச், திங்கள்

மிலான் கம்பெனியின் வக்கீல் அம்மாள் குவால்தியேரோவுக்குப் போன் செய்திருக்கிறார். "எந்தெந்தத் தட்டுலேருந்து எடுத்தீங்கன்னு பட்டியல் அனுப்புங்க. உரிமைக்காரங்க கையெழுத்து வேணும்." பதின்மூன்றை ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டானாம். ஒன்பதாவது மட்டும் தெரியவில்லை. தெரியாதாம்! பேரைச் சுரண்டியவனுக்கே பேர் தெரியாதாம்! ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குள் கையெழுத்து வராவிட்டால் ஆல்பம் பதின்மூன்று பாட்டோடு வந்துவிடும்.

"யார்கிட்டேருந்தும் மறைக்கணும்னுதானேடா செஞ்சேன்" என்றான், அழுகிற குரலில். நன்றாகவே மறைத்துவிட்டான்.

5 மார்ச்

கழுதை.

12 மார்ச், செவ்வாய்

பொலோன்யாவில் நாலு தட்டுக்கடை ஏறி இறங்கினேன். ஒருவர் கேட்டுவிட்டு, சந்தேகமே வேண்டாம், சிகாகோ என்றார். அடுத்தவர் அவரைப் பார்த்துச் சிரித்தார்: "சிகாகோவா? ஃபிலடெல்ஃபியா தம்பி, குழந்தைக்குக்கூடத் தெரியும்." மூன்றாமவர் அந்த டிரம்மர் சிறையில் செத்துப்போனதாகச் சொன்னார். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவன் இந்த ஊரில் ஒருத்தனும் இல்லை.

20 மார்ச், புதன்

யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சமையலறையில் வெறுப்போடு டேப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன், டிரம்ஸ் மட்டும். அம்மா கப்பெல்லெத்தி பாஸ்தாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று உருளைக்கட்டையால் பலகையில் தட்ட ஆரம்பித்தாள். டேப்போடு சேர்ந்து, இம்மி பிசகாமல். அந்த ஓட்டை வருகிற இடத்தில் அவளும் நிறுத்தினாள்.

"இந்த இடத்துலதான் குச்சி கை நழுவிடுச்சு" என்றாள்.

"எந்தக் குச்சி?"

"என் குச்சிதான். எழுபத்துமூணுல பதிவு பண்ணோம். தட்டோட பின்பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம் காலியா இருந்துச்சு, எதையாவது அடிச்சு ரொப்பும்மான்னாங்க. பாட்டும் என் பேர்லதான் பதிவாயிருக்கு."

அலமாரியிலிருந்து தட்டை எடுத்து வந்தாள். நடுவில் காகிதம் பத்திரமாக இருந்தது. பெர்தோத்சி நடன இசைக்குழு, ஃபொர்லி. கீழே அவள் பேர்: இலியானா.

"அம்மா... அப்ப உனக்கு ஏதாவது வலி இருந்துச்சா?"

"இல்லாம? எட்டு மாசம், முதுகு பொளந்துச்சு. நீ விட்ட உதையிலதான்டா குச்சியே விழுந்துச்சு."

21 மார்ச்

குவால்தியேரோவிடம் சொன்னேன். "அந்தத் தட்டு இருந்த பெட்டியை, உங்க பக்கத்து ஊர் சேசெனாவுல ஒரு கராஜ் காலி பண்ணப்பதான் வாங்கினேன்" என்றான். ஹார்லெமுக்கு பஸ் அந்த வழியாகத்தான் போகும் போலிருக்கிறது.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. கையெழுத்துப் போட வேண்டியது அம்மா. பாட்டு முழுக்கக் கேட்காமல் போட மாட்டாளாம்.

24 மார்ச், ஞாயிறு

கேட்டாள். இரண்டு தடவை. "செத்த கால்கள்" வந்தபோது நான் ஃபிரிட்ஜுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னைத்தான் சொல்றியா?"

"பொதுவா சொன்னேம்மா..."

"உங்கப்பா விட்டுட்டுப் போனப்புறம் அந்தக் கால்கள்தான்டா உனக்குச் சோறு போட்டுச்சு. தபால் ஆபீஸ் சம்பளத்துலயா உனக்கு மைக்கு வாங்கினேன்?" கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "கையெழுத்து வேணும்ல? அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு வந்து அவங்க மூஞ்சியைப் பார்த்துப் பாடு. பாடிட்டேன்னா போடறேன்."

வெட்கக்கேடு. வரியை மாற்றிவிடலாமா? மாற்றினால் இன்னும் கேவலம். என் மேலேயே கோபம் கோபமாக வருகிறது.

31 மார்ச், ஞாயிறு

பாடினேன்.

இருநூறு பேர். சராசரி வயது எழுபது, தலைக்கு ஒரு லிட்டர் சென்ட். குவால்தியேரோவும் வந்திருந்தான், பெரிய தொப்பியும் தானுமாக. அம்மா குச்சியைத் தூக்கினாள். அவ்வளவுதான், ஜோடி ஜோடியாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ராப்புக்கு ஃபாக்ஸ்ட்ராட் ஆட்டம்! நான் திட்டத் திட்ட அவர்கள் ஆடினார்கள். "செத்த கால்கள்" என்றதும் அத்தனை பேரும் சேர்ந்து தரையை ஒரு மிதி மிதித்தார்கள். சரியாக அந்த இடத்தில், அம்மா வேண்டுமென்றே ஒரு குச்சியைக் கீழே போட்டாள். அந்த ஓட்டையை நூறு தடவை கேட்டவன் நான். ஆனாலும் வரி மறந்து நின்றேன்.

எழுபத்தெட்டு வயது அர்ஜியா அம்மாள் மேடைக்குக் கீழே வந்து கையை நீட்டினார். "கால் செத்துடுச்சாடா கண்ணு? எறங்கி வா, பார்க்கலாம்." மூன்று சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை.

அம்மா டிரம் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

14 ஜூன், வெள்ளி

ஆல்பம் வந்துவிட்டது. பதினாலு பாட்டு. ஒன்பதாவதுக்குக் கீழே: டிரம்ஸ், இலியானா, ஃபொர்லி. பத்திரிகை விமர்சனத்தில் என்னைப் பற்றி அரை வரி, டிரம்ஸின் அந்த மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி.

22 செப்டம்பர், ஞாயிறு

காலையில் குவால்தியேரோ போன் செய்தான். அடுத்த ஆல்பம் ஆரம்பிக்கிறானாம். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"அம்மா இருக்காங்களா?" என்றான்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு மணிக்கு ஆட்டம், நேரமாகிவிட்டது. அவள் ஜிகினாச் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். மடிப்பு கொஞ்சம் கோணல். அப்படியே போட்டுக்கொண்டு போனாள்.