ஐயா, கத்தாதீர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே மூடி வைத்துவிடாதே. இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தை அம்மா மூலம் தெரிந்துகொள்கிறேன். நம் குட்டிம்மா கையால் பேசுவதைப் பற்றி அன்று நான் உளறியதிலிருந்து, எட்டு மாதமாக என் போனைத்தான் நீ எடுப்பதில்லையே.

சிரிக்காதே, நான் வகுப்புக்குப் போகிறேன். நூலக மாடியில், சைகை மொழி. உன் அம்மாதான் முதலில் சேர்ந்தாள். அவளைக் கொண்டுபோய் விடப் போனவனை டீச்சர் பெஞ்சில் பிடித்து உட்கார வைத்துவிட்டார். நம் குட்டிம்மாவைப் போலவே டீச்சருக்கும் காது கேட்காது. உன்னைவிடச் சின்னவர், கண்டிப்பில் எங்கள் பழைய டிப்போ மேனேஜரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

வகுப்பில் வாய் திறக்கக் கூடாது. 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று முப்பது வருடம் பஸ்ஸில் கத்தியவன் நான். அந்தச் சத்தமெல்லாம் இப்போது கைக்கு இறங்கிவிட்டது. முதல் நாளே வணக்கம் சொல்லப் போய், பக்கத்திலிருந்த சலூன்காரரின் கண்ணாடியைத் தட்டிவிட்டேன். டீச்சர் பலகையில் பெரிதாக எழுதினார்: ஐயா, கத்தாதீர்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

சலூன்காரர் ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகப் படிக்கிறார். காது கேட்காத அந்த மனிதருக்கு எப்படி வேண்டும் என்று கேட்காமலே நாலு வருடமாக முடி வெட்டினாராம். போன மாதம் சைகையில் கேட்டால், அந்த வெட்டு அவருக்குப் பிடிக்கவே இல்லையாம். இன்னொருவர் டிராஃபிக் போலீஸ்காரம்மா. அவர் நன்றி சொன்னாலும் நமக்கு அப்படியே நின்றுவிடத் தோன்றுகிறது.

வகுப்பு முடிந்து டீக்கடையிலும் கையால்தான் பேச வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அங்கே உன் அம்மா என்னைப் பொரிந்து தள்ளுகிறாள். வீட்டிலென்றால் பேப்பருக்குப் பின்னால் இருந்து 'ம்' கொட்டுவேன். இதில் முகத்தைப் பார்த்தால்தான் விஷயமே புரியும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் சொன்னதை நான் முழுசாகக் கேட்பது இப்போதுதான்.

போன ஞாயிறு, யாருக்காகப் படிக்க வந்தோம் என்று எல்லோரும் சொல்ல வேண்டியிருந்தது. பேத்திக்காக என்றேன். அவளோடு பேசுகிறீர்களா என்று டீச்சர் கேட்டார். விருந்தாளிகள் முன்னால் குழந்தையிடம் கையை ஆட்டாதே, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க என்று உன்னிடம் சொன்னேனே, அதைச் சொன்னேன். பாதி சைகை தப்பு. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. டீச்சர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் என் தோளைத் தட்டிப் பார்க்க வைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார். நான் தனியாகத் தடுமாறுவதைப் பார்த்து, சலூன்காரர், போலீஸ்காரம்மா, உன் அம்மா எல்லோரும் என்னோடு சேர்ந்து செய்தார்கள். தப்புச் செய்தவன் நான் ஒருத்தன்தான். வெட்கமாகவும் இருந்தது, தெம்பாகவும் இருந்தது.

அம்மாடி, நான் சொன்னது தப்பு. அடுத்த மாதம் அம்மா வரும்போது நானும் வரட்டுமா? வாசலிலேயே நிற்கிறேன். குட்டிம்மா என்னைப் பார்க்கட்டும். 'போ' என்று அவள் காட்டினால் திரும்பிவிடுகிறேன். புரியவில்லை என்று இனி நான் சாக்குச் சொல்ல முடியாது.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா